கறுத்த குக்கர், அடிப்பிடித்த பால், துருவேறிய தோசைக்கல்: வாசகர் கேள்வி – பதில்

பாத்திரக் கறை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். கருகிய சாப்பாடு, எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றைச் சோடா போன்ற காரம் இளக்கும். தண்ணீர் உப்பு, களிம்பு, துரு ஆகியவற்றைப் புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு கரைக்கும். இதில் எதை எந்தப் பாத்திரம் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் கையால் தேய்க்கிற வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் பால் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. இரண்டு நாளாகக் கம்பி நார் போட்டுத் தேய்த்தும் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம் போகவில்லை, பாத்திரத்தில் கீறல்தான் விழுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, சென்னை

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். பாலில் இருக்கும் புரதம் சூட்டில் உறைந்து அடியில் படிகிறது. அதன்மேல் பால் சர்க்கரையும் சேர்ந்து கருகும்போது அது உலோகத்தோடு இறுகி ஒட்டிக்கொள்கிறது. காய்ந்து கிடக்கும் அந்தப் படலத்தை நார் சுரண்டுவதைவிட அதைச் சுற்றியிருக்கும் எவர்சில்வரைத்தான் அதிகம் சுரண்டும். படலத்தை ஊறவைத்து இளக்கிவிட்டால் தானாக ஏடு போலப் பெயர்ந்து வரும்.

கருகிய இடத்துக்கு மேலே இரண்டு விரற்கடை உயரம் வரும்படி பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா என்ற கணக்கில் போட்டுக் கலக்கிவிட்டு, அதன்பிறகு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் சோடாவைக் கொட்டினால் பொங்கி அடுப்பில் வழியும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து பத்து நிமிடம் விடுங்கள். சோடா சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவாக மாறுகிறது. அதனால்தான் வெறுமனே ஊறவைப்பதைவிடக் கொதிக்கவைப்பதில் வீரியம் அதிகம். அடுப்பை அணைத்து, ஒரு மணி நேரமோ ராத்திரி முழுவதுமோ அப்படியே வைத்திருந்து, மரக்கரண்டியின் ஓரத்தால் தள்ளிப் பாருங்கள். பெரும்பகுதி கழன்றுவிடும்.

மிச்சம் இருந்தால் மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துக் குழைத்து, கறைமேல் அப்பி, அரை மணி நேரம் காயவிடாமல் வைத்துத் தேயுங்கள். அதற்கும் அசையாத கறுப்புக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சலவைச் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊற்றி வைக்கலாம். அந்தத் தண்ணீர் கையில் படாமல் உறை போட்டுக்கொள்ளுங்கள். இத்தனைக்குப் பிறகும் நிற்கிற மெல்லிய பழுப்புப் படலத்துக்குத்தான் சபீனா போன்ற பாத்திரப் பொடி. பாத்திரத்தின் பாலிஷ் கோடுகள் ஓடுகிற திசையிலேயே தேய்த்தால் கீறல் தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். கருகியதைப் பார்த்த பதற்றத்தில் சூடான பாத்திரத்தைக் குழாயடியில் பிடிக்காதீர்கள். அடியில் தடித்த தகடு வைத்துச் செய்த பாத்திரமாக இருந்தால் அடிப்பாகம் நெளிந்துவிடும். பிறகு அடுப்பில் சமமாக உட்காராமல் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி பிடிக்கும். அடுத்தது, ஊறவைக்கும் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு ராத்திரி முழுக்க விடாதீர்கள். உப்பு அடியில் தங்கிய இடங்களில் எவர்சில்வரில் பொடிப் பொடியாகக் குழி விழும். அந்தக் குழிகளை எதனாலும் சரிசெய்ய முடியாது.

பால் ஊற்றும் முன் பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, ஈரம் அடியில் இருக்கும்போதே ஊற்றுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். ஏற்கெனவே கீறல் விழுந்த பாத்திரத்தில் பால் எளிதில் பிடிக்கும் என்பதால் அதைக் குழம்புக்கோ தண்ணீர் காய்ச்சவோ மாற்றிக்கொள்வது நல்லது.

அலுமினிய குக்கரின் உட்புறம் தண்ணீர் நிற்கும் மட்டம் வரை கன்னங்கரேல் என்று இருக்கிறது. சோடா போட்டுக் கொதிக்கவைத்ததில் இன்னும் கறுத்துவிட்டது. ஏன்?
– வாசகி, மதுரை

சோடா போட்டதால்தான். எவர்சில்வருக்கு நல்லது செய்கிற அதே சோடா அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியத்தின்மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. காரம் அதைக் கரைக்கும். போர் தண்ணீரில் இருக்கும் உப்புகளும் காரத்தன்மையும் தினமும் குக்கரில் கொதிக்கும்போது மெதுவாகச் செய்கிற அதே வேலையைச் சோடா ஒரே நாளில் செய்துவிட்டது. குக்கரில் சாதம் வைக்கும்போது பாத்திரத்துக்கு அடியில் ஊற்றுகிற தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுவரை மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்தாலே காரணம் தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

கறுத்த மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கு எலுமிச்சை அளவு புளி போடலாம். அல்லது சாறு பிழிந்த எலுமிச்சை மூடிகள் ஐந்தாறு. அல்லது கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் ஒரு டீஸ்பூன். குக்கரை மூடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். மூடி, வெயிட் போட்டுக் கொதிக்கவைத்தால் புளிச் சக்கை ஆவித் துவாரத்தில் அடைத்துக்கொள்ளும், அது ஆபத்து. ஆறியதும் கொட்டிவிட்டு மென்மையான நாரில் பாத்திர சோப் போட்டுத் தேயுங்கள். கறுப்பு அதிகமாக இருந்தால் புதிய புளித் தண்ணீரில் இன்னொரு முறை செய்யலாம். ஒரே தண்ணீரை ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள், புளிப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

இனி தினமும் அடித் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்றைப் போட்டுவிட்டால் கறுப்பு ஏறாது. இட்லிப் பானைக்கும் இட்லித் தட்டுகளுக்கும் இதே வைத்தியம்தான்.

உங்கள் குக்கர் உள்ளும் புறமும் ஒரேமாதிரி கருஞ்சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தால் அது ஹார்ட் அனோடைஸ்டு வகை. அந்த நிறம் அதன் சொந்தப் பூச்சு. அதில் சோடா, புளி இரண்டையுமே கொதிக்கவைக்க வேண்டாம்; பாத்திர சோப்பும் நைலான் நாரும் போதும்.

அலுமினிய வாணலியின் வெளிப்புறத்தில் எண்ணெய் வழிந்து காய்ந்து, பழுப்புப் பிசின் போல ஒட்டியிருக்கிறது. இதற்கும் புளிதானா?
– வாசகர், ஈரோடு

புளி இதைத் தொடாது. எண்ணெய் பல முறை சூடேறிக் காய்ந்து வார்னிஷ் போல இறுகியிருக்கிறது. சோடாவும் போடக் கூடாத உலோகம் என்பதால் பொறுமை ஒன்றே வழி. பெரிய அண்டாவில் கைபொறுக்கும் அளவைவிடச் சூடான தண்ணீரில் திரவ பாத்திர சோப்பைத் தாராளமாக, லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வரை கலந்து, வாணலியை முழுக்க மூழ்கவைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு மரச்சட்டுவத்தால் சுரண்டிவிட்டுப் பாத்திரப் பொடி போட்டுத் தேயுங்கள். பல மாதப் பிசினாக இருந்தால் ஒரே தடவையில் போகாது. வாரம் ஒரு தடவையாக மூன்று நான்கு முறை ஆகும். அதே பிசின் எவர்சில்வர் பாத்திரத்தின் வெளியே இருந்தால் சலவைச் சோடாக் குழம்பைத் தடவி, மேலே ஈரத்துணி சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் எளிதாகக் கழன்றுவிடும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு எல்லாக் கறையும் போய்விடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே?
– வாசகி, கோயம்புத்தூர்

நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்று புளிப்பு, மற்றது காரம். சேர்த்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கரியமில வாயுவாகப் பொங்கிவிடும். மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். இரண்டின் சக்தியும் வீணாகிறது. சோடாவில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகு, வெள்ளைத் திட்டு மிச்சம் இருந்தால் வினிகரால் துடையுங்கள். முன்பின்னாகப் பயன்படுத்தும்போதுதான் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

வீட்டு வேலைக்கு வந்தவர் பழைய இரும்பு தோசைக்கல்லைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டார். மறுநாளே துரு ஏறிவிட்டது, தோசையும் ஒட்டுகிறது. கல்லை மீட்க முடியுமா?
– வாசகி, திருநெல்வேலி

நிச்சயமாக முடியும். இரும்புக் கல் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது. நீங்கள் இழந்தது பழக்கம் ஏறிய அந்தக் கறுப்புப் படலத்தை மட்டுமே. எண்ணெய் சூட்டில் மெல்ல மெல்ல இறுகி இரும்போடு பிணைந்து உருவாகும் பூச்சு அது. தோசை ஒட்டாமல் எழும்புவதும் துரு பிடிக்காமல் இருப்பதும் அதனால்தான். அதைக் கறை என்று நினைத்துத் தேய்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

துருவை எடுக்க, லேசாக இருந்தால் கல்லுப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு, பாதியாக நறுக்கிய வெங்காயத்தின் வெட்டுப் பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் போதும். அடர்ந்த செந்துருவாக இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து கல் மூழ்கும்படி ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் உடனே எடுத்துவிட வேண்டும்; ஒரு நாள் முழுவதும் போட்டு வைத்தால் வினிகர் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். பிறகு ஒரு சிட்டிகை சோடா கரைத்த தண்ணீரில் அலசி, புளிப்பை முறித்து, நேராக அடுப்பில் வைத்து ஈரம் முழுவதும் போகச் சூடாக்குங்கள். துணியால் துடைத்துவிட்டுக் காற்றில் உலரவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி துரு பூக்கும்.

இனிக் கல்லைப் பழக்க வேண்டும். சூடான கல்லில் அரை டீஸ்பூன் நல்லெண்ணெயை முழுக்கத் தடவுங்கள். உடனே உலர்ந்த பருத்தித் துணியால், தடவியதையெல்லாம் திரும்ப எடுத்துவிடுவதுபோலத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் மிஞ்சினால் போதும். மிதமான தீயில் லேசாகப் புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிடுங்கள். இதை நான்கைந்து தடவை செய்யுங்கள். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். எண்ணெயை அதிகமாக ஊற்றிச் சூடாக்கினால் அது இறுகாமல் பிசுபிசுவென்று நின்று, பிறகு செதில் செதிலாகத் தோசையோடு பெயர்ந்து வரும். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஒத்துவராது, அது எளிதில் இறுகுகிற வகை இல்லை.

பழக்கிய முதல் வாரம் அந்தக் கல்லில் ஊத்தப்பம், ஆம்லெட் என்று எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விடுகிற பண்டங்களாகச் சுடுங்கள். சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லாமல் அதிகத் தீயில் காய்கிற கல்லில் பூச்சு எரிந்து போய்விடும். கழுவும்போது வெந்நீரும் மென்மையான நாரும் போதும். ஒட்டிய துணுக்குக்குக் கல்லுப்புத் தூவித் தேயுங்கள். வேலைக்கு வருகிறவரிடமும் இந்தக் கறுப்பு இருக்க வேண்டியது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரும்புச் சட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான். அதில் புளிக்குழம்பு, ரசம் வைக்காதீர்கள். புளிப்பு அந்தப் பூச்சைக் கரைப்பதோடு, குழம்பும் கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

எவர்சில்வர் டம்ளர்களில் வெள்ளைத் திட்டும், வாணலியின் அடியில் வானவில் நிறமும் தெரிகின்றன. தரமில்லாத எவர்சில்வரா?
– வாசகர், திருப்பூர்

இரண்டுமே தரக்குறைவுக்கு அடையாளம் இல்லை. வெள்ளை, கடினத் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு உப்பு. வானவில் நிறம், அதிகச் சூட்டில் எவர்சில்வரின் மேல்படலம் கொஞ்சம் தடித்ததால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி பல நிறங்களாகத் தெரிவது. இரண்டுக்கும் வினிகரே போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கலந்தும் ஊறவைக்கலாம். இருபது நிமிடத்தில் துடைத்தால் போய்விடும். கழுவியதும் துணியால் துடைத்து அடுக்கினால் வெள்ளை வராது; வெறும் வாணலியைப் பெரிய தீயில் காயவிடாமல் இருந்தால் வானவில் வராது.

செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் இரும்புக் கம்பி நாரிலிருந்து உதிர்ந்த துகள் ஒட்டித் துருப்பிடித்தவை அவை. சோடாக் குழம்பு போட்டுத் துணியால் தேய்த்து எடுத்துவிட்டு, நாரை மாற்றுங்கள்.

மிக்சி ஜார் மூடி, பிளாஸ்டிக் டப்பா, குக்கர் கேஸ்கட் எல்லாம் மஞ்சள் ஏறிக் கிடக்கின்றன. சோப் போட்டால் செம்பழுப்பாக மாறுகிறது!
– வாசகி, தஞ்சாவூர்

மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். குங்குமம் செய்வது எப்படியோ அப்படித்தான் இதுவும்: மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. அலசிவிட்டால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பிவிடும், பயப்பட வேண்டாம்.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் சோப்பை முதலில் போடாதீர்கள். சமையல் எண்ணெய் சில சொட்டு விட்டு, கறை பட்ட இடத்தில் நன்றாகத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். காகிதத்தால் துடைத்தால் மஞ்சள் காகிதத்தில் இறங்குவதைப் பார்க்கலாம். அதன்பிறகு சோப் போட்டு வெந்நீரில் கழுவி, ஈரத்தோடு நல்ல வெயிலில் வையுங்கள். வெயில் மஞ்சளின் நிறத்தை உடைக்கும். ஓரிரு நாளில் கண்கூடாக வெளுக்கும். ரப்பர் கேஸ்கட்டை மட்டும் நாள் முழுக்க வெயிலில் போடாதீர்கள், விறைத்து வெடித்துவிடும். மஞ்சளாக இருந்தாலும் கேஸ்கட்டின் வேலை கெடாது. இழுத்தால் தளர்ந்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மாற்றுங்கள்.

நான்ஸ்டிக் கடாயில் பழுப்பாக ஒரு படலம் ஏறிவிட்டது. இப்போது எல்லாமே ஒட்டுகிறது. தேய்க்கவும் பயமாக இருக்கிறது.
– வாசகி, சேலம்

பயப்படுவது சரிதான். அந்தப் பழுப்பு இறுகிய எண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கடாயில் ஊற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். ஆறியதும் மென்மையான ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேயுங்கள். சோடாத் தண்ணீர் வெளிப்புற அலுமினியத்தில் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள். கழுவி உலர்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தடவிவைக்கலாம்.

நான்ஸ்டிக் கடாயை வெறுமனே காயவிடும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். 260 டிகிரி செல்சியசுக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்குகிறது. பெரிய தீயில் வெறும் கடாய் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பூச்சு உரிந்து அடியில் இருக்கும் உலோகம் தெரிந்தால் எதைப் போட்டாலும் பழையபடி ஆகாது. மாற்றிவிடுங்கள்.

பொங்கலுக்கு எடுத்த பித்தளைப் பானை உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போதுமா?
– வாசகி, கும்பகோணம்

வெளிப்புறத்துக்குப் போதும். நெல்லிக்காய் அளவு புளியை ஊறவைத்து, ஒரு டீஸ்பூன் உப்போடு பிசைந்து தேய்த்தால் மங்கல் உடனே இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல் நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்துங்கள். புளியை அப்பிவிட்டு அரை நாள் மறந்துவிட்டால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் மேலே நின்று இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். அதைப் பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே பச்சை பூத்திருக்கிறது என்றால் விஷயம் வேறு. அது களிம்பு; உடம்புக்கு ஆகாது. பித்தளை, செம்புப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம், அதாவது வெள்ளீயம் (டின்), பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்து மஞ்சள் உலோகம் வெளியே தெரிகிற இடத்தில்தான் களிம்பு வரும். தேய்த்துக் கழுவினாலும் அடுத்த சமையலில் மறுபடி வரும். ஆகவே சமைக்கும் முன் ஈயம் பூசியாக வேண்டும். பானையைச் சூடாக்கி, நவச்சாரம் போட்டுத் துடைத்துச் சுத்தமாக்கி, அதன்மேல் வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் இழுத்துப் பூசுவார்கள். பூசி முடித்ததும் உட்புறம் முழுக்க ஒரே வெள்ளியாக, மஞ்சள் திட்டு எங்கும் இல்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்வது முக்கியம். காரீயம் (லெட்) கலந்ததைச் சமையல் பாத்திரத்தில் பூசவே கூடாது. பூசிய பாத்திரத்தை உள்ளே கம்பி நாரால் தேய்க்காதீர்கள். பீர்க்கங்காய் நாரும் சோப்பும் போதும்.

ஈயச் சொம்பு உள்ளே கறுத்திருக்கிறது. அடுப்பில் காயவைத்துத் தேய்க்கலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். சொம்பு கண்ணெதிரே சரிந்து விழும். ரசம் ஊற்றிய பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். தீ சொம்பின் பக்கவாட்டில் ஏறக் கூடாது, ரசம் சுண்டவும் கூடாது. கறுப்புக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மென்மையான துணியால் துடையுங்கள். முழுதாகப் போகாமல் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. பளபளப்பாக்க வேண்டும் என்று பொடி போட்டுத் தேய்த்தால் ஈயம்தான் தேயும்.

மீன்குழம்பு வைக்கும் மண்சட்டி அடிப்பிடித்துவிட்டது. சோப் போடக் கூடாது என்கிறார்கள். பிறகு எதனால் கழுவுவது?
– வாசகி, யாழ்ப்பாணம்

மண்சட்டியின் நுண்துளைகள் சோப்பை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் கக்கும் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போட்டு, மிகச் சிறு தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பிறகு தேங்காய் நாரால் தேய்த்து, வெறும் தண்ணீரை ஒருமுறை கொதிக்கவைத்துக் கொட்டினால் சோடாவின் வாடையும் போய்விடும். மீன் கவிச்சி இருந்தால் கடலை மாவு தடவி, கால் மணி நேரம் வைத்துத் தேயுங்கள்.

கழுவியதும் கவிழ்த்து மூடாமல் வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சட்டியின் வெளியே உப்புப் பூத்தது போல வெள்ளையாகத் தெரிவது பூஞ்சணம் இல்லை. தண்ணீரிலும் குழம்பிலும் இருக்கும் உப்பு சுவர் வழியே கசிந்து காய்ந்தது. துடைத்தால் உதிர்ந்துவிடும், கெடுதல் இல்லை.

கல்சட்டிக்கும் இதே முறைதான், ஆனால் கம்பி நார் கூடவே கூடாது. மாக்கல் நகத்தால் கீறினாலே தடம் விழுகிற மென்மையான கல்.

ஸ்டீல் பிளாஸ்க் உள்ளே காபி, டீக் கறை. கை நுழையவில்லை.
– வாசகர், திருச்சி

சூடான தண்ணீர் லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போட்டு மூன்று மணி நேரம் விடுங்கள். மூடியை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். பாட்டில் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் தேய்த்தால் கறை போய்விடும். அதற்குப் பிறகும் சொரசொரப்பாக வெள்ளை இருந்தால் அது தண்ணீர் உப்பு. சிட்ரிக் ஆசிட் கலந்த வெந்நீர் அரை மணி நேரம். ப்ளீச்சிங் கரைசலை ஸ்டீல் பிளாஸ்க்கில் ஊற்றாதீர்கள், குழி விழும்.

எத்தனை தேய்த்தாலும் பாத்திரங்களின் அடிப்புறம் தினமும் கரி பிடிக்கிறது. கேஸ் அடுப்புதான் வைத்திருக்கிறோம்.
– வாசகி, வேலூர்

பாத்திரத்தை விட்டுவிட்டு அடுப்பைப் பாருங்கள். தீ நீலமாக எரிந்தால் கரி வராது. மஞ்சளாக, நுனி நெளிந்து எரிந்தால் கேஸுக்குப் போதுமான காற்று கிடைக்கவில்லை என்று பொருள். முழுதாக எரியாத கேஸ்தான் கரியாகப் படிகிறது. வீட்டுக்குள் அது விடுகிற புகையும் நல்லதில்லை.

ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னர் மூடியை எடுத்து வெந்நீரில் சோப் போட்டு ஊறவையுங்கள். ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்தி அடைப்பை எடுத்து, ஈரம் துளிகூட இல்லாமல் உலர்த்தி மாட்டுங்கள். ஈரம் இருந்தாலும் தீ மஞ்சளாகத்தான் எரியும். பர்னர் சரியாகப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குப் பிறகும் மஞ்சள் மாறாவிட்டால் உள்ளே காற்று நுழையும் பகுதியில் அடைப்போ ஜெட்டில் கோளாறோ இருக்கலாம். அதை நீங்கள் கழற்றாமல் கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கை அழையுங்கள்.

ஏற்கெனவே பிடித்த கரியை ஈரம் படும் முன் பழைய செய்தித்தாளால் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு சோப் போட்டுக் கழுவினால் கையிலும் தொட்டியிலும் பரவாது. விறகடுப்பில் சமைப்பவர்கள் பாத்திரத்தின் அடியில் முன்கூட்டியே சோப்பையோ குழைத்த சாம்பலையோ மண்ணையோ பூசிவிடுவார்கள். கரி அந்தப் பூச்சில் படிந்து, கழுவும்போது அதோடு வந்துவிடும். நல்ல முறை. ஆனால் அலுமினியப் பாத்திரத்துக்குச் சாம்பலை விட்டுவிட்டு மண்ணைப் பூசுங்கள், சாம்பலிலும் காரம் இருக்கிறது.

ரொம்பக் கருகிய பாத்திரத்துக்குக் கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினால் உடனே போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். செய்யலாமா?
– வாசகி, காஞ்சிபுரம்

கட்டாயம் செய்யாதீர்கள். முதல் காரணம், பலனே கிடைக்காது. கருகிய சாப்பாட்டை இளக்குவது காரம். ஆசிட் அதைப் பெரிதாக அசைக்காது. அந்த ஆசிட் செய்வதெல்லாம் எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் படலத்தை அழிப்பதுதான். பாத்திரம் அன்றைக்குப் பளிச்சென்று இருந்தாலும் கொஞ்ச நாளில் புள்ளி புள்ளியாக அரிக்கத் தொடங்கும். அலுமினியத்தில் பட்டால் கொதித்து நுரைத்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வடிகால் அடைப்புக்குப் போடும் காஸ்டிக் சோடாவை அலுமினியத்தில் போட்டாலும் இதே கதிதான், சூடும் பயங்கரமாக ஏறும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பாத்திரத் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் தங்கியிருந்து அதில் இந்த ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சமையலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். தெரியாமல் அப்படி நேர்ந்துவிட்டால் எதையும் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்காமல், உடனே எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் பாத்திரம் எவர்சில்வராக இருந்தால் முதல் பதிலில் சொன்ன சோடா முறையை இரண்டு ராத்திரி தொடர்ந்து செய்து பாருங்கள். ஆசிட் பாட்டிலைச் சமையலறைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.